போத்தலை உடைத்தது வெயில்தானா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பழரசங்களைப் போத்தலில் அடைத்து விற்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். கடந்த மாதம் எங்கள் 750 மில்லிலீற்றர் நெல்லி ரசப் போத்தல்கள் மூன்று வெடித்துவிட்டன. ஒன்று கோப்பாயில் ஒரு கடை வாசலில், மற்றொன்று நெல்லியடியில் ஒரு கடைக்குள், மூன்றாவது மானிப்பாயில் ஒரு வீட்டுச் சமையலறை அலுமாரியில். அந்த வீட்டு அம்மாவின் கையில் தையல் போட வேண்டியதாயிற்று. கடைக்காரர்கள் வெயிலில் வைத்ததே காரணம் என்று முதலாளியும் மனேஜரும் விசாரணை அறிக்கை எழுதியிருக்கிறார்கள். களஞ்சியத்தில் இருந்த மாதிரிப் போத்தல்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். குறை எதுவும் இல்லை என்று வந்தது. அறிக்கையில் என்னையும் கையெழுத்திடச் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை. ஆனால் எதை, எப்படிக் கேட்பது? (வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, மூன்றாவது போத்தல் அலுமாரிக்குள் வெடித்திருக்கிறது. அலுமாரிக்குள் வெயில் அடிக்காது. மூன்றில் ஒன்றுக்குப் பொருந்தாத காரணத்தை மூன்றுக்கும் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் கையெழுத்திடத் தயங்குவதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அறிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த மூன்று போத்தல்களின் தொகுதி இலக்கங்களை, அதாவது எந்தத் தடவை அடைத்தவை என்று காட்டும் இலக்கங்களை, கண்டுபிடித்து, அதே தொகுதிப் போத்தல்களின் விற்பனையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். லேபலில் இலக்கம் இல்லையென்றால் தயாரித்த திகதியை வைத்துப் பாருங்கள். காரணம் தெரிந்த பிறகுதான் நிறுத்தலாம் என்று முதலாளி சொன்னால் அதை ஏற்காதீர்கள். 1982இல் சிக்காகோவில் டைலனோல் என்ற வலிநிவாரணிக் கப்சூல்களில் யாரோ சயனைட்டு கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். யார், எங்கே கலந்தார்கள் என்று தெரியாத நிலையிலேயே அதைத் தயாரித்த நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. குற்றவாளி இன்றுவரை பிடிபடவில்லை. காரணத்துக்காகக் காத்திருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ.

திருப்பி எடுக்கும் போத்தல்களைக் கையாளும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் அணியச் சொல்லுங்கள். யாரும் குலுக்கக் கூடாது. திறந்து பார்க்க வேண்டுமானால் முதலில் நன்றாகக் குளிரூட்டி, ஈரத் துணியால் சுற்றித் திறக்க வேண்டும். மூடி மேலே உப்பியிருந்தாலோ ரசத்துக்குள் சிறு குமிழ்கள் எழுந்துகொண்டிருந்தாலோ திறக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

இனி வெயிலுக்கு வருவோம். அதை வாயால் மறுக்க வேண்டாம், கணக்கால் பாருங்கள். 750 மில்லிலீற்றர் ரசத்துக்கு மேல் 30 மில்லிலீற்றர் காற்று இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போத்தல் 30 பாகையிலிருந்து 55 பாகை செல்சியசுக்குச் சூடானால் ரசம் ஏறத்தாழ 8 மில்லிலீற்றர் விரியும். மேலே அடைபட்ட காற்றின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு அளவுக்கு உயரும். கீறல் இல்லாத நல்ல கண்ணாடிப் போத்தல் அதற்கு உடையாது. வெயில் மட்டுமே உடைத்திருக்க வேண்டுமானால் போத்தலைக் கழுத்து விளிம்புவரை நிரப்பியிருக்க வேண்டும். விரிய இடமில்லாத திரவம் கண்ணாடியை மிகக் கடுமையாக நெருக்கும். அல்லது போத்தல் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்க வேண்டும். இரண்டுமே தொழிற்சாலைக்குள் நடந்த விடயங்கள். ஆகவே வெயில் என்ற விளக்கம் சரியாகவே இருந்தாலும் பொறுப்பு கடைக்காரரிடம் போய்விடாது. சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணத்துக் கடை வாசலில் வெயில் அடிக்கும் என்பது போத்தலை அடைக்கும்போதே தெரிந்த செய்தி.

காரணம் வெயிலல்ல, ரசம் போத்தலுக்குள்ளேயே புளித்து நொதித்தது என்றால் கணக்கு வேறு. ஈஸ்ட் எனப்படும் மதுவம் 5 கிராம் சீனியை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவை, நொதிக்கச் செய்தால் ஒன்றேகால் லீற்றருக்கும் அதிகமான காபனீரொட்சைட்டு வாயு உண்டாகும். அடைத்த போத்தலுக்குள் அது வளிமண்டல அமுக்கத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கை மேலதிகமாகச் சேர்க்கும். 10 கிராம் என்றால் அதன் இரட்டிப்பு. உங்கள் போத்தலில் இருப்பதோ சில நூறு கிராம் சீனி. நொதித்தலுக்கு வெயில் தேவையில்லை. நேரமும் எங்கள் ஊர்ச் சூடும் போதும். அலுமாரிப் போத்தலுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. வெயிலில் இருந்த போத்தல் வெடித்ததற்கும் பொருந்துகிறது, ஏனென்றால் சூடு ஏறும்போது கரைந்திருந்த வாயு வெளியேறி அமுக்கம் கூடும். இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வெயிலைவிட அதிகமான உண்மைகளை விளக்கும் ஒரு காரணம் இருக்கும்போது, அதைச் சோதிக்காமல் அறிக்கையை மூடக் கூடாது என்கிறேன்.

“நாங்கள் சோடியம் பென்சோயேற்று சேர்க்கிறோம், நொதிக்காது” என்று மனேஜர் சொல்வார். பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு அது சரி. ஆனால் சைகோசக்கரோமைசிஸ் பெய்லி என்ற மதுவம் அனுமதிக்கப்பட்ட அளவு பாதுகாப்புப் பொருளுக்குள்ளும் வளரக்கூடியது, சீனிச் செறிவையும் தாங்கும். பழரசத் தொழிலில் போத்தல் வெடிப்புக்குப் பேர்போன கிருமி அதுதான். நிரப்பும் குழாய்களின் மூட்டுகளிலும் சரியாகக் கழுவப்படாத பழைய போத்தல்களிலும் அது தங்கிவிடும்.

ஆய்வுகூட அறிக்கைதான் எல்லோரையும் அமைதிப்படுத்தியிருக்கும். எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். அனுப்பியவை வெடிக்காத போத்தல்கள். சித்தியடைந்த பிள்ளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டு வினாத்தாள் இலகுவானது என்று முடிவெடுப்பதைப் போன்றது இது. அவை வெடித்த அதே தொகுதியைச் சேர்ந்தவையா? நிழலான களஞ்சியத்தில் இருந்தவையா, கடைக்குப் போய் வந்தவையா? எந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி அனுப்பினீர்கள்? சீனிச் செறிவில் வாழப் பழகிய மதுவங்கள், மாதிரியைச் சாதாரண நீர்க்கரைசலில் ஐதாக்கினாலே அதிர்ச்சியில் இறந்துபோகலாம். பிறகு ஆய்வுகூடத்தின் வளர்ப்புத் தட்டில் எதுவும் வளராது. சீனி சேர்த்த கரைசலிலும் வளர்ப்பு ஊடகத்திலும் சோதிக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காத சோதனையை ஆய்வுகூடம் செய்யாது, செய்யாத சோதனை குறையைக் காட்டாது. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுச் சோதனைகள் செய்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தின் உணவு விஞ்ஞான ஆசிரியர்களிடம் முதலில் ஆலோசனை கேட்பதும் நல்லது.

உடைந்த துண்டுகள் எங்கே? இதைத்தான் உங்கள் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். பெருக்கிக் குப்பையில் போட்டிருந்தால் பெரிய இழப்பு. இனிமேலாவது ஒரு துண்டும் தவறாமல் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். உள்ளமுக்கத்தால் உடைந்த போத்தலில் பெரும்பாலும் பக்கச்சுவரில் தொடங்கும் விரிசல் கிளை கிளையாகப் பிரியும். அமுக்கம் கூடினால் கிளைகளும் கூடும். திடீர்ச் சூடு குளிரால் உடைந்தால் விரிசல் அடிப்பகுதியைச் சுற்றி வளைந்தோடும், கிளைகள் குறைவு. அடிபட்டு உடைந்தால் அடிபட்ட புள்ளியிலிருந்து விரிசல்கள் எல்லாத் திசைக்கும் பாயும். துண்டுகளை ஒட்டிப் பார்த்தாலே பல வாதங்கள் முடிந்துவிடும். போத்தல்கள் புதியவையா, திரும்ப வாங்கிக் கழுவியவையா என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். மேற்பரப்புக் கீறல்கள் கண்ணாடியின் பலத்தை வெகுவாகக் குறைக்கும்.

ஒரு காரணம் கிடைத்தவுடன் தேடலை நிறுத்துவதும் ஆபத்துத்தான். 2016இல் சாம்சங் கலக்ஸி நோட் 7 கைபேசிகள் தீப்பற்றியபோது, ஒரு வழங்குநரின் பற்றரியில்தான் கோளாறு என்று முடிவெடுத்து, செப்டெம்பரில் ஏறத்தாழ 25 இலட்சம் கைபேசிகளைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். மாற்றாகக் கொடுத்த கைபேசிகளில் வேறொரு வழங்குநரின் பற்றரி இருந்தது. அவையும் தீப்பற்றின. ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்த நேர்ந்தது. 2017 ஜனவரியில் வெளியான முடிவின்படி இரண்டு பற்றரிகளிலும் இரு வேறு கோளாறுகள்: முதலாவதில் மூலையில் நெருக்கப்பட்டு வளைந்த மின்வாய், இரண்டாவதில் உலோக ஒட்டுவேலையில் (வெல்டிங்) எஞ்சிய பிசிறு. உங்கள் நெல்லியடிப் போத்தலும் மானிப்பாய்ப் போத்தலும் ஒரே காரணத்தால்தான் வெடித்தன என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றையும் தனித்தனியாக விசாரியுங்கள்.

பாவித்தவர் மீது பழி போடும் பழக்கம் எங்கள் நாட்டுக்கும் புதிதல்ல. 2021 இறுதியில் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது பழைய குழாய், பழைய ரெகுலேட்டர் என்ற பேச்சுத்தான் முதலில் ஓங்கியிருந்தது. ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவை விகித மாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. அந்த நாட்களில் அடுப்பைப் பற்றவைக்கப் பயந்த வீடுகளில் உங்கள் முதலாளியின் வீடும் ஒன்றாக இருந்திருக்கும். அதை அவருக்கு நினைவூட்டலாம்.

“ஆயிரக்கணக்கில் விற்றதில் மூன்றுதானே” என்ற வாதமும் வரும். மூன்று என்பது உங்களுக்குத் தெரியவந்த எண்ணிக்கை மட்டும். பலர் துடைத்துக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பெட்டியில் போன போத்தல் உடைந்தால் விமான நிலையத்தில் எறிந்ததால் உடைந்தது என்றே எல்லோரும் நினைப்பார்கள். விற்பனைப் பிரதிநிதிகளிடம் சொல்லி, கடை கடையாக, உடைந்த போத்தல், கசிந்த போத்தல், மூடி உப்பிய போத்தல் மூன்றையும் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? எல்லோர் முன்னாலும் அறிக்கை பிழை என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அவரைத் தனியே சந்தித்து, ஒரு சோதனை செய்து பார்ப்போம் ஐயா என்று கேளுங்கள். சந்தேகத்துக்குரிய தொகுதியில் சில போத்தல்கள். அதே வகைப் போத்தல்களில் கொதித்தாறிய நீரை அதே உயரத்துக்கு நிரப்பிய இன்னும் சில. இரண்டிலும் பாதியை மூடிய மரப்பெட்டிக்குள் வெயிலிலும் மீதியை நிழலிலும் வைத்துச் சில வாரங்கள் பாருங்கள். வெயில்தான் காரணமென்றால் வெயிலில் வைத்த நீர்ப் போத்தல்களும் உடைய வேண்டும். ரசப் போத்தல்கள் மட்டும் உடைந்தாலோ உப்பினாலோ அவரே புரிந்துகொள்வார். செலவு மிகக் குறைவு. கூடவே ரசத்தைச் சூடாக்கும் வெப்பநிலைப் பதிவேட்டையும் புரட்டுங்கள். நாள்தோறும் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் யாரும் வெப்பமானியைப் பார்க்கவில்லை என்றே நான் நினைப்பேன். அந்த வெப்பமானியை உருகும் ஐஸிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபாருங்கள்.

அதுவரை கையெழுத்து வேண்டாம். வற்புறுத்தினால், நீங்கள் நேரில் பார்த்தவற்றை மட்டும் எழுதி அதன் கீழ் கையெழுத்திடுங்கள்: எந்த இடம், எந்தத் திகதி, எந்தத் தொகுதி, துண்டுகள் கிடைத்தனவா. “காரணம் இன்னும் உறுதியாகவில்லை” என்ற வரியைக் கட்டாயம் சேர்த்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். காயமடைந்தவர் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து மாதிரி எடுக்கலாம். அப்போது அவர்கள் முதலில் கேட்பது தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தைப் பற்றித்தான்.

மானிப்பாய் அம்மாவிடம் யாராவது போனார்களா? நீங்கள் போங்கள். காயம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, போத்தலை எப்போது, எந்தக் கடையில் வாங்கினார், திறந்து பாவித்ததா திறக்காததா, மூடி எங்கே போய் விழுந்தது, புளித்த மணம் வந்ததா என்று கேளுங்கள்.