பி.காம்., பி.பி.ஏ., எகனாமிக்ஸ்: எதை எடுப்பது, கூடவே எதைப் படிப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கல்லூரி அட்மிஷன் பற்றிய கேள்விகள் குவிகின்றன. பிசினஸ் சார்ந்த வேலைக்குப் போக நினைப்பவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அதோடு துணைப் பாடமாக வரும் அலைடைப் பற்றி ஒரே ஒரு மாணவிதான் கேட்டிருக்கிறார். அதனால் கேட்காதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

என் மகள் காமர்ஸ் குரூப். ஆடிட்டர் ஆக வேண்டும் என்கிறாள். பி.காம். சி.ஏ., பி.காம். ஜெனரல் இரண்டிலும் சீட் கிடைக்கும் போலிருக்கிறது. சி.ஏ. என்றே இருப்பதால் முதலாவதில் சேர்த்துவிடலாமா? – ஒரு தாய், கோவில்பட்டி

பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டீர்களே அம்மா, மிகவும் நல்லது. பி.காம். சி.ஏ.வில் இருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. என்பது சார்ட்டர்டு அக்கவுண்டன்சி. அதை எந்தக் கல்லூரியும் தருவதில்லை. 1949-ல் தனிச் சட்டத்தின் கீழ் அமைந்த ஐ.சி.ஏ.ஐ. என்ற அமைப்புதான் தேர்வு நடத்தித் தருகிறது. இந்தக் குழப்பத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, கையில் புரோகிராமிங் புத்தகத்தைப் பார்த்ததும் திகைத்துப்போகும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன்.

பி.காம். சி.ஏ. மோசமான படிப்பு இல்லை. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் பக்கம் போக விரும்பும் பிள்ளைக்கு அது பொருத்தம். ஆனால் கம்ப்யூட்டர் பேப்பர்கள் உள்ளே வரும்போது வரி, அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை போன்றவற்றுக்கு இடம் குறையும். உங்கள் மகளுக்கு ஜெனரல், அல்லது அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ்தான் சரி.

கல்லூரியில் சேர்ந்த கையோடு சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனுக்கும் பதிவு செய்துவிடுங்கள். நான்கு பேப்பர்: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளியல். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். நம் காமர்ஸ் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணிதத் திறனில்தான். பிளஸ் டூவில் பிசினஸ் மேத்ஸ் எடுக்காமல் கம்ப்யூட்டர் எடுத்திருந்தால், கல்லூரி திறப்பதற்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும். ஃபவுண்டேஷன் கைகூடாவிட்டாலும் கவலை வேண்டாம். பி.காம். டிகிரியில் 55 சதவீதம் எடுத்தால் நேரடியாக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி முன்பு மூன்று ஆண்டு. 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அது இரண்டு ஆண்டாகிவிட்டது. டிகிரி முடிப்பதற்குள் இன்டர் தேறிவிட்டால், பிறகு கல்லூரித் தொல்லை இல்லாமல் அந்த இரண்டு ஆண்டையும் முழுதாக வேலை பழகச் செலவிடலாம். கல்லூரி பெரிய பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், பஸ்ஸில் நேரம் வீணாகாத, அரசு உதவி பெறும் கல்லூரி கிடைத்தால் அதுவே போதும்.

எம்.பி.ஏ. படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு பி.பி.ஏ.தானே அடித்தளம்? – மாணவர், சேலம்

இல்லை தம்பி. ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை எந்த டிகிரி படித்தவரும் எழுதலாம். பொதுப்பிரிவினருக்கு 50 சதவீத மதிப்பெண் இருந்தால் போதும். அந்தத் தேர்வில் இருப்பது ஆங்கில வாசிப்பு, தரவுகளை வைத்துத் தர்க்கம், கணக்கு. மேலாண்மைப் பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் வராது. பி.பி.ஏ.யில் நீங்கள் படிக்கும் மேலாண்மைக் கோட்பாடுகள், மார்க்கெட்டிங், மனிதவளம் எல்லாம் எம்.பி.ஏ. முதல் வருடத்தில் மறுபடியும் அப்படியே வரும். ஐந்து வருடத்தில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை படிப்பானேன்?

எம்.பி.ஏ. உறுதி என்றால் பி.காம்., எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள் என்பேன். இன்டர்வியூவில் உங்கள் டிகிரியை வைத்துத்தான் குடைவார்கள். பி.காம். படித்தவரிடம், “தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் எதுவும் போவதில்லையே, அதை ஏன் செலவாக எழுதுகிறீர்கள்?” என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். புரிந்து படித்தவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போவார்.

டிகிரி முடித்ததும் விற்பனை வேலைக்கோ குடும்பத் தொழிலுக்கோ போகப்போகிறவருக்கு பி.பி.ஏ. நன்றாகவே உதவும். 2024-25 முதல் அது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரத்தின் கீழ் வந்திருக்கிறது. சேரும் கல்லூரி அந்த அனுமதி பெற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸ் கிடைத்திருக்கிறது. “பி.ஏ.வா?” என்று உறவினர்கள் இளக்காரமாகப் பேசுகிறார்கள். அலைடாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வைத்திருக்கிறார்கள், அது கஷ்டம் என்கிறார்கள் சீனியர்கள். சேரலாமா ஐயா? – மாணவி, சிவகங்கை

யோசிக்காமல் சேருங்கள். வந்த கேள்விகளிலேயே நான் மிகவும் சந்தோஷப்பட்டது இதைப் பார்த்துத்தான். அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருப்பதாலேயே சேருங்கள் என்கிறேன்.

நம் பல்கலைக்கழகங்களில் பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அலைடும். தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களில் இதற்கு இணையானது மைனர். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் வரையறைப்படி மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் 24 அதற்குப் போகிறது. அங்கே மைனரை யோசித்து எடுக்கிறார்கள். இங்கே அலைடை அரியர் விழாமல் கடக்க வேண்டிய பேப்பராக மட்டும் பார்க்கிறோம். இது எனக்குப் பெரிய வருத்தம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டூவீலர் ஷோரூமின் மாதாந்திர விற்பனைக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. ஆடியில் விற்பனை இறங்கி, தீபாவளி சமயத்தில் ஏறியிருக்கிறது. ஆனியோடு ஒப்பிட்டுப் பார்த்த முதலாளி, “வியாபாரம் படுத்துவிட்டது” என்று பயப்படுகிறார். ஆடியில் புது வண்டி எடுக்கத் தயங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். போன ஆடியோடும் அதற்கு முந்தைய ஆடியோடும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அந்தப் பருவ ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கிட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கற்றுத்தருகிறது. மிச்சத்திலும் சரிவு இருந்தால் அது பெட்ரோல் விலையாலா, கடன் வட்டியாலா, மழை பொய்த்து விவசாயி கையில் காசு இல்லாததாலா என்று தேட எகனாமிக்ஸ் கற்றுத்தருகிறது. வங்கியும் சந்தை ஆய்வு நிறுவனங்களும் சம்பளம் கொடுத்துத் தேடுவது இந்த இரண்டும் சேர்ந்த ஆளைத்தான்.

எக்செலை இப்போதே பழகுங்கள். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வருகிறது என்று விசாரியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க 2022-லேயே யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே வைக்கும் தகுதித் தேர்வு போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கல்லூரி பழகட்டும், பிறகு பார்க்கலாம்.

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். இதுவரை ஜாப் ஒர்க்தான். பையன் வந்தபின் நேரடி ஏற்றுமதி செய்ய ஆசை. அவன் ஃபேஷன் டெக்னாலஜி கேட்கிறான். நான் பி.காம். என்கிறேன். – ஒரு தந்தை

யூனிட்டில் யார் இல்லை என்று பாருங்கள். நூல், துணி, தையல் தெரிந்தவர் நீங்களே இருக்கிறீர்கள். ஏற்றுமதி பேப்பர் தெரிந்தவர்தான் இல்லை. எனவே பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ் என் தேர்வு. வாங்குபவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் கடிதமான எல்.சி.யில் சரக்கை எப்படி விவரித்திருக்கிறார்களோ அதற்கும் இன்வாய்ஸுக்கும் ஒத்துப்போகாவிட்டால், சரக்கு கப்பலேறிய பிறகும் வங்கி பணத்தை நிறுத்திவைக்கும். எஃப்.ஓ.பி. விலையா (கப்பலில் ஏற்றும் வரை மட்டும்), சி.ஐ.எஃப். விலையா (கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் சேர்த்து) என்று கவனிக்காமல் ஒப்புக்கொண்டால் கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் உங்கள் தலையில் விழும். இவற்றை முறையாகப் படித்த ஒருவர் வீட்டிலேயே இருப்பது பெரிய பலம்.

பையனின் விருப்பத்தையும் தள்ளிவிடாதீர்கள். செமஸ்டர் லீவில் பெரிய ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பக்கத்தில் உட்காரவையுங்கள். சாம்பிள் அனுப்புவது, காஸ்டிங் போடுவது, பையருக்குச் சுருக்கமாகவும் தெளிவாகவும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது எல்லாம் அங்கே வரும். அதன்பிறகும் டிசைனில்தான் மனம் இருக்கிறது என்றால் விட்டுக்கொடுங்கள், பேப்பர் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்.

பி.எஸ்சி. மேத்ஸ் படித்துவிட்டு ஃபைனான்ஸ் பக்கம் போக முடியுமா? – மாணவர், கும்பகோணம்

தாராளமாக. இன்சூரன்ஸ் துறையில் ஆக்சுவரி, அதாவது இழப்பு அபாயத்தைக் கணக்கிடும் நிபுணர், ஆவதற்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். ஏ.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுதி, இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியாவில் சேர வேண்டும். டிகிரியில் 60 சதவீதம் எடுத்தால் சி.ஏ. இன்டருக்கும் நேரடியாகப் போகலாம். அலைடில் ஸ்டாட்டிஸ்டிக்ஸோ அக்கவுண்டன்சியோ தரும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. கம்பெனி வேலைக்குப் போக இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது. காலம் கடந்துவிட்டதா? – மாணவி, வேலூர்

கடக்கவில்லை. தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு விளம்பரம், மனிதவளம், வாடிக்கையாளர் தொடர்பு என்று இடம் இருக்கிறது. உங்களிடம் இல்லாதது கணக்கு மொழி மட்டும்தான். வேறு துறைப் பேப்பர் எடுக்கும் என்.எம்.இ. வாய்ப்பு மிச்சம் இருந்தால் காமர்ஸ் எடுங்கள். இல்லாவிட்டால், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஆண்டறிக்கையை இணையத்தில் இலவசமாகவே போடுகின்றன. உங்களுக்குப் பழக்கமான கம்பெனி ஒன்றை, டி.வி.எஸ். மோட்டாரையோ டைட்டனையோ எடுத்துக்கொண்டு, இயக்குநர்கள் அறிக்கையையும் பணப்புழக்கப் பட்டியலையும் படியுங்கள். புரியாததைக் குறித்துக்கொண்டு உங்கள் கல்லூரி காமர்ஸ் துறைக்குப் போங்கள். தேடி வந்து கேட்கும் மாணவியைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் இருக்க மாட்டார்.