வாசகர் கேள்வி பதில்: மேப்ல ஒண்ணு, வாயில ஒண்ணு

கேள்வி: இங்கிலாந்துல நார்ஃபோக் கடற்கரையில ஒரு கிராமம், மேப்ல பாத்தா ஹாப்பிஸ்பர்க்னு படிக்கத் தோணுது, ஆனா டாக்குமென்டரில எல்லாரும் ஹேஸ்ப்ரோங்கறாங்க. எதுங்க சரி?

பதில்: வாய்ல ஹேஸ்ப்ரோ, எழுத்துல மேப்ல இருக்கறதுதான், ரெண்டும் எப்பவோ பாகம் பிரிச்சுக்கிட்டு போயாச்சு. 1086-ல வில்லியம் ராஜா நாடு பூரா யார்கிட்ட என்ன நிலம் இருக்குன்னு கணக்கு எடுத்தாரே, டூம்ஸ்டே புக், அதுல இந்த ஊர் பேரு ஹாபெஸ்பர்க். ஹாப்னு ஒருத்தரோட கோட்டைன்னு அர்த்தம். அப்புறம் ஜனங்க பேசப் பேச நடுவுல இருந்த 'ப' தேஞ்சு காணாமப் போச்சு, வால்ல இருந்த பர்க் 'ப்ரோ' ஆயிடுச்சு, ஆனா எழுத்து மட்டும் பிடிவாதமா பழசையே பிடிச்சுக்கிச்சு. இதுல வேடிக்கை என்னன்னா அந்த ஊருக்கு எதிர்ல கடல்ல இருக்கற மணல்திட்டை சார்ட்ல ஹேஸ்பரோ சாண்ட்ஸ்னு காதுல விழுந்தபடியே எழுதிட்டாங்க, ஊருக்கு ஒரு ஸ்பெல்லிங், அதோட மணலுக்கு வேற!

கேள்வி: ஒரு ஊருக்கே ஏன் சார் இத்தனை ஸ்பெல்லிங்?

பதில்: ஸ்பெல்லிங்ல தப்புன்னு ஒண்ணு அப்ப இருந்தாத்தானே. டூம்ஸ்டே புக் லத்தீன்ல எழுதினது, ஊர்க்காரங்க சொன்னது பழைய இங்கிலீஷ், கேட்டு எழுதினவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுதினாங்க. 1538-லருந்து சர்ச்ல ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் பதியணும்னு உத்தரவு வந்தப்போ ஒவ்வொரு பாதிரியாரும் தன் இஷ்டத்துக்கு எழுதுனாரு. ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசாங்க மேப் ஆபீஸ்காரங்க மேப் போடும்போதுதான் ஊர் ஊரா விசாரிச்சு, பாதிரியார், பண்ணையார் மாதிரி பெரிய மனுஷங்க சொல்ற ஸ்பெல்லிங்கை நோட்ல ஏத்தினாங்க. பண்ணையார் சொன்னா மறுபேச்சு ஏது.

கேள்வி: எசெக்ஸ்ல அக்லின்னே ஒரு ஊர் இருக்காமே, அவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?

பதில்: அட, இல்லைங்க. உக்காங்கற ஆளோட காட்டு வெட்டவெளி, அவ்ளோதான். இப்போ இருக்கற ஸ்பெல்லிங்கை வச்சு அர்த்தம் தேடினா இப்படித்தான் ஏமாறுவோம், கிடைக்கறதுலயே பழைய ஸ்பெல்லிங்லருந்து ஆரம்பிக்கணும். டெவன்ல பீர்னு ஒரு ஊர், 1086-ல அது பெரா, தோப்புன்னு அர்த்தம், குடிக்கற பீருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நார்ஃபோக்ல கிரேட் ஸ்னோரிங்னு கூட ஒண்ணு, ஸ்னியர்ங்கறவரோட கூட்டம் குடியேறின இடம், குறட்டையெல்லாம் நாம விடற கதை. இதையெல்லாம் மாவட்டம் மாவட்டமா தோண்டி எழுதறதுக்குன்னே 1923-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, வால்யூம் வால்யூமா போட்டுட்டே இருக்காங்க, இன்னும் முடிஞ்சபாடில்ல.