கொசுறு கறிவேப்பிலை இன்னும் கிடைக்கிறதா?

கேள்வி: பேரங்காடிக்குள் நுழைந்தாலே 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காலி. வீட்டுக்கு வந்து பையைக் கொட்டிப் பார்த்தால் நாலு நாளைக்குச் சமைக்கக்கூடப் பொருள் இல்லை. எல்லோரும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய் வாங்கச் சொல்கிறார்கள். இங்கேயே வேறு வழி இல்லையா?
- உட்லண்ட்ஸ் வாசகி, சிங்கப்பூர்

பதில்: முதலில் ஜோகூர் கதையை முடித்துவிடலாம். ஜோகூர் பாலம் உங்கள் பக்கத்திலேயே இருப்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிப் பொருளுக்குத்தான் வரி விலக்கு, சொந்தக் கார் என்றால் கிளம்பும்போதே முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கவேண்டும், அப்புறம் நெரிசலில் இரண்டு மணி நேரம் வெந்துவிட்டு வீடு வந்து சேரும் கீரையை என்ன செய்வது? சோப்புத்தூள் வாங்க எப்போதாவது போய் வாருங்கள். வாராவாரம் வேண்டாம்.

பேரங்காடியை அடியோடு ஒதுக்கச் சொல்லமாட்டேன். அரிசி, எண்ணெய், டிஷ்யூ மாதிரி சாமான்களில் அவர்களுடைய சொந்த பிராண்டு பெரும்பாலும் மலிவுதான். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள். பாக்கெட் அதே, விலையும் அதே, உள்ளே கிராம் மட்டும் இளைத்திருக்கும். விலைச்சீட்டின் மூலையில் 100 கிராம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காய்கறி, மீன் எல்லாம் ஈரச்சந்தையில்தான். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியது உங்களுக்கே தெரியும். ஆண்டு வியாபாரம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடைகள் இந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை, அதனால் கீரைக்கடை அக்கா உங்கள் கணக்கில் தனியாக வரி போடுவதில்லை. (அவர் கொள்முதல் செய்யும் சரக்கில் அது ஒளிந்திருக்கும், அது வேறு கதை.)

போன சனிக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் அரைக் கிலோ வெண்டைக்காயும் இரண்டு முருங்கைக்காயும் வாங்கினேன். காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், "இந்தாங்க" என்று ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பையில் திணித்தார் கடைக்காரர். நான் கேட்கவே இல்லை. பேரங்காடியில் அதே கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறைக்குள் குளிரில் கறுத்துப்போய், விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கும்! கொசுறு என்ற சொல்லே அங்கே செல்லாது. சந்தை கட்டுகிற நேரத்துக்குப் போனால் மிச்சக் காயைக் குவித்து வைத்து விலை குறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. திங்கட்கிழமை மட்டும் போய் ஏமாறாதீர்கள், பாதிக் கடைக்கு மேல் மூடியிருக்கும், மீன்கடை திறந்திருந்தால் அதிசயம்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பாதிதான் பேரங்காடிக்கு. மறுபாதியைக் கோப்பிக்கடையிலேயே கரைத்துவிடாமல், பற்றுச்சீட்டை ஏற்கும் ஒட்டுவில்லை ஒட்டியிருக்கும் மீன்கடையில் காட்டுங்கள்.

தேக்கா தூரம் என்பீர்கள். சரி, உங்கள் பக்கத்திலேயே மார்சிலிங் லேனில் சந்தை இருக்கிறதே, கடைசியாக எப்போது போனீர்கள்?