கேபிளில் ஓடும் ஸ்லைடிங் கேற்: ட்ரம்மை எப்படி அமைப்பது?

கொழும்பில் கடலோரமுள்ள வெள்ளவத்தை வீட்டில் 4 மீட்டர் ஓடும் 250 கிலோ இரும்புக் கேற்றுக்கு நீங்களே மோட்டாரும் கேபிளும் பூட்டப்போவதாகச் சொல்லி, ட்ரம்மில், அதாவது மோட்டார் சுழற்றும் உருளையில், கேபிள் வழுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழுக்குவதைவிடப் பெரிய தலையிடி, ஒரு சுற்று மற்றதின்மேல் ஏறுவதுதான்.

முதலில் இழுவை. ரெயில் சுத்தமாக இருந்தால் கொஞ்ச விசையே போதும். ஆனால் மண்ணும் சிறு கல்லும் கிடக்கும், தொடக்க உதறலும் உண்டு. 300 நியூட்டன் என்று கணக்கெடுங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள ட்ரம்முக்கு அது 15 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாருக்கு வேகத்தை நாற்பதில் ஒன்றாகக் குறைக்கும் 1:40 வோர்ம் (திருகுப் பல்) கியர்பொக்ஸ் போட்டால் கேற் 21 வினாடியில் திறக்கும். வோர்ம் பாதிச் சக்தியைத் தின்றாலும் 180 வாட் தாராளம்.

கேபிளின் இரு நுனிகளும் கேற்றின் இரு முனைகளில், நடுவில் ட்ரம்மைச் சுற்றி 3 சுற்று. சுற்றுகள் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகின்றன. உராய்வுக் குணகத்தை 0.12 என்று குறைத்து எடுத்தாலும் இறுகிய பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல் 9 மடங்குக்கு மேல் இழுக்கும். தளர்ந்த பக்கத்தில் 100 நியூட்டன் இழுவிசை நின்றால் வழுக்காது. அதற்கு ஒரு நுனியில் டர்ன்பக்கிளும் (திருகி இறுக்கும் கொளுவி) அழுத்தச் சுருளியும் (ஸ்பிரிங்) வேண்டும். புதுக் கேபிள் முதல் சில வாரங்களில் நீளும், திரும்ப இறுக்குங்கள்.

இனி ஏறும் பிரச்சினை. கேற் ஓட ஓட அந்த 3 சுற்றும் ட்ரம்மில் பக்கவாட்டாக நகரும். மொட்டை ட்ரம் என்றால் விளிம்பில் முட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கேபிளை நசுக்கும். லேத்தில் கொடுத்து மரைபோல் காடி (சுருள் பள்ளம்) வெட்டுவிக்க வேண்டும். 4 மி.மீ. கேபிளுக்கு 4.5 மி.மீ. இடைவெளி. 4 மீட்டருக்கு ஏறத்தாழ 13 சுழற்சி, அதாவது 58 மி.மீ. நகர்வு. நிற்கும் 3 சுற்றையும் ஓர இடத்தையும் சேர்த்தால் 85 மி.மீ. அகல ட்ரம். நடுக்கோட்டிலிருந்து 29 மி.மீ. விலகும்போதும் கேபிளின் சாய்வு 2 பாகைக்குள் நிற்க, கேபிளின் கிட்டிய நுனி எந்த நிலையிலும் ட்ரம்முக்கு 85 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். கேற்றின் வாலை (பின்முனையை) அதற்கேற்ப நீட்டி வெல்ட் பண்ணுங்கள்.

கேபிள் 7×19 பின்னல் (19 இழை கொண்ட 7 புரி), 316 தர ஸ்டெயின்லெஸ். கடல் இவ்வளவு கிட்ட இருக்கும்போது கல்வனைஸ் கேபிளில் காசைப் போடாதீர்கள், இழைகளுக்குள்ளிருந்தே துருவேறும். கேபிள் நுனியை மடித்துப் பூட்டும் யூ கிளிப்பில் சேணப் பக்கம் (யூ போல்ட்டுக்கு எதிரே உள்ள தட்டு) பாரம் தாங்கும் கேபிளில் உட்கார வேண்டும். மாறிப் பூட்டினால் யூ போல்ட் அந்தக் கேபிளையே நசுக்கும்.

கேற் கோடிக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் எல்லைச் சுவிட்சுகளை ரெயிலோரம் வையுங்கள், ட்ரம்மில் வேண்டாம். கேபிள் ஒருமுறை சற்று வழுக்கினாலும் ட்ரம்மின் கணக்குப் பிழைத்துவிடும். ரெயிலின் இரு கோடியிலும் வெல்ட் பண்ணிய தடுப்பு, ட்ரம்முக்கு மூடி, வழியில் ஒளிக்கதிர் உணரி, மோட்டார் கரன்ட் ஏறினால் நிறுத்தும் கட்டுப்பாடு: பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள்.

கரன்ட் போனால் வோர்ம் கியர் கேற்றைத் தள்ளவிடாது. ட்ரம்மைத் தண்டோடு நேராக இறுக்காமல் புஷ்ஷில் சுழலவிட்டு, ஒரு 10 மி.மீ. ஊசியால் தண்டிலுள்ள தட்டோடு பூட்டுங்கள். ஊசியை இழுத்தால் கேபிள் காடியிலிருந்து விலகாமலே கையால் தள்ளலாம். தெருவில் நின்றும் சாவி போட்டு அந்த ஊசியை எடுக்க வழி வையுங்கள்.