கதவுக்கு முன்னால் பத்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கே எனக்கென்று கிடைத்தன. ஒரு பேய்க்கதை எழுதி, அதற்குப் படமும் நானே வரைந்துவிட வேண்டும் என்று திட்டம். 'முதலில் மனநிலை வரட்டும்' என்று சனிக்கிழமை காலையில் ஒரு ஹாரர் கேமைத் தொடங்கினேன். மதியம் ஒரு படம், சாயங்காலம் இன்னொரு படம், ராத்திரி பாதி நாவல். ஞாயிறு மறுபடி கேம். அதில் ஓர் இடத்தில் ஒரு கதவைத் திறக்கப் பயந்து, பாஸ் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய் அறை விளக்கையும் போட்டேன். எனக்கு வயது 26! சாயங்காலம் ஆறு மணிக்குப் பதறிப்போய் எழுத ஆரம்பித்து மூன்று பக்கத்தில் கதையை முடித்தேன். படம் வரையவில்லை. தங்கை படித்துவிட்டு 'சரி, அப்புறம்?' என்றாள்.

இரண்டு நாளை வீணடித்துவிட்டேனா? கேம் விளையாடுவதைப் புத்தகம் படிப்பதற்குச் சமமாகச் சொல்ல முடியுமா? நான் எழுதும் பேய் ஏன் யாரையும் பயமுறுத்துவதில்லை? கதையை இணைத்திருக்கிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

கதையைப் படித்தேன். தங்கை கேட்டது நியாயம்தான். முதல் பத்தியிலேயே பேய் வந்துவிடுகிறது, சிவந்த கண், விரித்த கூந்தல், அலறல் எல்லாவற்றோடும். நாயகி எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவளுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறது. இரண்டாம் பக்கம் வந்தபோது எனக்கு அந்தப் பேயின் மேல் பரிதாபமே வந்துவிட்டது. பாவம், இப்படி ஓடி ஓடி வேலை பார்க்கிறதே.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம். கதையில் எங்கும் இல்லாத பயம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நீங்கள் அதை வெட்கத்தோடு போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அந்த இரண்டு நாளில் உங்களுக்குக் கிடைத்த கதை அதுதான் என்பேன்.

படத்தில் கதவை இயக்குநர் திறந்துவிடுவார். நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் படம் பாட்டுக்கு ஓடும். நாவலில் பக்கத்தைப் புரட்டுவது நாம்தான், ஆனால் கதவுக்கு உள்ளே போகிறவர் வேறு ஒருவர். கேமில் மட்டும்தான் திறக்கிற விரல் நம்முடையது. திறக்காவிட்டால் ஒன்றும் நடக்காது, விடியவிடிய அங்கேயே நிற்கலாம். 'இவள் எதற்கு அந்த அறைக்குள் போகிறாள், அறிவு வேண்டாமா?' என்று படம் பார்க்கும்போது திட்டுவோமே, அந்த அறிவில்லாத ஆளாக இங்கே நாமே ஆகிறோம். இதைப் புத்தகத்தால் தர முடியாது. புத்தகம் தருகிற வேறு சிலதைக் கேமால் தர முடியாது. எது உசத்தி என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை.

அந்தக் கதவைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1996-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது திரை முழுக்க இருண்டு, ஒரு கதவு மட்டும் மெல்லத் திறக்கும். அடுத்த அறையின் தகவல்களை வட்டிலிருந்து எடுத்து ஏற்றக் கன்சோலுக்கு, அதாவது கேம் ஓடும் கருவிக்கு, சில நொடிகள் வேண்டியிருந்தன. அந்தத் தாமதத்தை மறைக்க வைத்த கதவு அது. விளையாடியவர்களுக்கோ உள்ளே என்ன இருக்குமோ என்று வயிற்றைப் பிசைந்த நொடிகள் அவைதான். (அதே கேமில் டைப்ரைட்டர் இருக்கும் இடத்தில்தான் சேவ் செய்ய முடியும், அதற்கும் ரிப்பன் வேண்டும், ரிப்பனோ எண்ணிக்கையில் கொஞ்சம்தான். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ரேஷன் இருந்தால் உலகத்துக்கு நல்லது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.) மூன்று வருடம் கழித்து வந்த 'சைலன்ட் ஹில்' கேமிலும் இதே கதை. தூரத்துத் தெருக்களையும் கட்டடங்களையும் வரைந்து காட்டுகிற சக்தி அன்றைய பிளேஸ்டேஷன் கன்சோலுக்கு இல்லை. அதனால் ஊரையே மூடுபனிக்குள் வைத்துவிட்டார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கையிலிருக்கும் ரேடியோ கரகரத்தால் ஏதோ பக்கத்தில் வருகிறது என்று மட்டும் தெரியும். சினிமாவில் 1975-ன் 'ஜாஸ்' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் பழுதாகிக்கொண்டே இருந்ததால், இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவுக்குப் பதில் தண்ணீரையும் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களையும் காட்டிச் சமாளித்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு 'வசதி இல்லாவிட்டால் கலை தானாக வரும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வசதியும் இல்லாமல் பயமும் இல்லாமல் வந்த படங்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கதைக்கு நேராக உதவக்கூடியது 2014-ல் வந்த 'ஏலியன்: ஐசொலேஷன்' கேம். அதில் உங்களைத் தேடி அலையும் வேற்றுக்கிரகப் பிராணிக்குப் பின்னால் இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று மேலே உட்கார்ந்து பார்க்கிற மூளை. நீங்கள் எங்கே ஒளிந்திருக்கிறீர்கள் என்று அதற்கு எப்போதும் தெரியும். இன்னொன்று பிராணியின் சொந்த மூளை. அதற்குத் தெரியாது. பார்த்தால், சத்தம் கேட்டால்தான் உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதிடம் 'இந்தப் பக்கமாகப் போய்ப் பார்' என்று குத்துமதிப்பாகச் சொல்லுமே தவிர, இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்காது. உங்களை ரொம்ப நேரம் நெருக்கிவிட்டது என்று தோன்றினால் பிராணியைக் கொஞ்சம் விலக்கியும் வைக்கும். அதனால்தான் அது உண்மையிலேயே தேடுகிறது. நீங்கள் அலமாரிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போது வெளியே வந்து நிற்கிறது. போய்விடலாம், போகாமலும் இருக்கலாம்.

உங்கள் கதையில் இந்த இரண்டு மூளைகளும் ஒன்றாகிவிட்டன. எழுதுகிற உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பேய்க்கும் தெரிந்திருக்கிறது. தேட வேண்டிய அவசியமே இல்லாத பேய்க்கு யார் பயப்படுவார்கள்? அதோடு, வாசகருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறீர்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். கதை சொல்கிறவனே ஓர் எழுத்தாளன். ஆனாலும் தன் வீட்டுக்குள் வந்திருப்பவள் யார் என்று அவனால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நமக்கும் கடைசிவரை தெரிவதில்லை.

சரி, வீணடித்தேனா என்ற கேள்வி. சனிக்கிழமை காலை வீணில்லை. இரண்டாவது படம் வீண்தான், அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லாததை வைத்தே சொல்கிறேன். 'மனநிலை வரட்டும்' என்பது சாக்கு. நானும் வருடக்கணக்காகச் சொல்லிவருவதால் எனக்கு அதன் குரல் நன்றாகத் தெரியும்.

ஆனால் இரண்டு நாளில் முடிக்கவில்லையே என்ற துக்கம் வேண்டாம். 1816 கோடையில் ஜெனிவா ஏரிக்கரை வீடு ஒன்றில் சில நண்பர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். முந்தைய வருடம் தம்போரா எரிமலை வெடித்து வானமே கெட்டுப்போயிருந்த ஆண்டு. பொழுது போகாமல், பிரெஞ்சில் வந்திருந்த ஜெர்மன் பேய்க்கதைகளைப் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் அவர்களில் ஒருவரான கவிஞர் பைரன். அங்கே இருந்த மேரிக்கு (பிற்பாடு மேரி ஷெல்லி) அப்போது 18 வயது. 'கதை கிடைத்ததா?' என்று தினமும் காலையில் கேட்பார்களாம், தினமும் கூசிப்போய் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்ததாம். பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் அவருக்குக் கிடைத்த கதையான 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் அச்சாகி வந்தது 1818 ஜனவரியில். அந்தப் போட்டியைத் தொடங்கிவைத்த பைரன், தன் கதையைப் பாதியில் விட்டுவிட்டார்.

என் அனுபவம் ஒன்று. சில வருடம் முன்னால், ஒரு சனி, ஞாயிறில், ஒலியை மட்டும் வைத்து ஒரு திகில் கதை செய்யக் கிளம்பினேன். செல்போனில் பதிவு. எலும்பு முறிகிற சத்தத்துக்குக் காய்கறியை ஒடித்தேன், மூச்சு வாங்கினேன், முனகினேன். பதினோரு நிமிடம். நண்பர் ஒருவர் ஹெட்போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். திடீரென்று நிறுத்திவிட்டு, 'நீ எழுந்து போன பிறகு அந்த அறையில் இருப்பது யார்?' என்றார். பதிவை அணைக்க மறந்து நான் வெளியே போயிருக்கிறேன். நாற்காலி நகர்கிறது, காலடி தேய்கிறது, அப்புறம் முக்கால் நிமிடம் வெறும் அறை. பிறகு மெதுவாக யாரோ நெருங்கி வருகிறார்கள். அணைக்கத் திரும்பி வந்த நான்தான். அந்தப் பதினோரு நிமிடத்தை அழித்துவிட்டேன். முக்கால் நிமிடத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கதை எழுத வேண்டாம். அந்தக் கதவை எழுதுங்கள், ஒரே ஒரு பக்கம். கட்டுப்பாட்டுக் கருவியில் விரல் எந்தப் பொத்தான் மேல் இருந்தது, ஹெட்போனில் என்ன கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள், எழுந்து விளக்கைப் போடப் போனபோது திரைக்கு முதுகைக் காட்ட மனம் வந்ததா. இவ்வளவுதான், பேய் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவை வரையுங்கள், மூடியபடி. கடைசியில் அதைத் திறந்தீர்களா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலும் சொல்ல வேண்டாம்.

எழுதியதைத் தங்கையிடம் கொடுங்கள். இந்த முறையும் 'அப்புறம்?' என்றுதான் கேட்பாள். எந்தக் குரலில் கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.