அந்த ஹெட்ஃபோனை ஒரு தடவை மாட்டிப் பார்த்தீர்களா?

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளில் அவ்வப்போது பழைய ஸ்டுடியோ நாட்களைத் தொட்டுவிட்டுப் போவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக வீட்டிலேயே ரெக்கார்டிங்கும் மிக்ஸிங்கும் கற்று வருகிறேன். எல்லாம் வீடியோ பார்த்துத்தான். ஒரு கம்ப்யூட்டர், மைக்கை அதோடு இணைக்க ஒரு இண்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒலியை மெருகேற்றும் ப்ளக்-இன் மென்பொருள்கள் நூற்றுக்கும் மேல். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் என் மிக்ஸ் கலங்கலாகவே இருக்கிறது. காரில் கேட்டால் ஒரு மாதிரி, போனில் கேட்டால் வேறு மாதிரி. என் தோழி ஒருவர்தான் பாடித் தருகிறார். அவருக்குச் சுருதி சேருவதில்லை, எப்போதும் கொஞ்சம் கீழேயே நிற்கிறார். ட்யூனிங் மென்பொருளில் சொல் சொல்லாக இழுத்துச் சரிசெய்கிறேன். அப்படியும் தொழில்முறைப் பாட்டு போல வரவில்லை.

ஒரு வருட சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பில் சேரலாமா, அல்லது ஏதாவது ஸ்டுடியோவில் உதவியாளராக நுழையலாமா? இன்னும் கொஞ்ச நாளில் ஏஐ-யே மிக்ஸ் செய்துவிடும் என்கிறார்களே, இதையெல்லாம் கற்பதே வீணா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒருவர் தன் குரலைத் தானே எப்படிக் கேட்கிறார் என்ற விஷயம் சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி நேராக அதில் வந்து இடித்தது. இல்லாவிட்டால் உங்கள் கடிதம் இன்னும் நாலைந்து வாரம் காத்திருந்திருக்கும்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். முட்டை அட்டையைப் பிய்த்துப் போடுங்கள். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் மழுங்கடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. கலங்கல் குடியிருப்பது பெரும்பாலும் 200-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை. அங்கே அட்டை ஒன்றும் செய்யாது. அதற்கும் கீழே கதை இன்னும் மோசம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. உங்கள் அறை 3.43 மீட்டர் நீளம் என்று வையுங்கள், 50 ஹெர்ட்ஸ் இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் போனால் பேஸ் (அடித்தொனி) முட்டும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நீங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பேஸ் போதவில்லை என்று ஏற்றியிருப்பீர்கள். கார் உண்மையைச் சொல்லிவிட்டது. நாற்காலியை நகர்த்துங்கள், மூலைகளில் கனமான ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகைகளை நிறுத்துங்கள். ஏஐ பற்றி எனக்குக் கவலை இல்லை, உங்களுக்கும் வேண்டாம். நூறு ப்ளக்-இன் வைத்திருப்பதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். 'அவருக்குச் சுருதி சேருவதில்லை.'

எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இரண்டு வருடமாக உங்களுக்காக நின்று பாடித் தருகிறவரைப் பற்றி, முட்டை அட்டைக்கு அடுத்த வரியில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி ஆடுகிறவளைத்தான் கேலி செய்கிறது. ஆனால் ஸ்டுடியோவில் பல நேரம் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும். பாடுகிறவருக்குக் கூடம் என்பது அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்ஃபோன். அதைக் கட்டியவர் நீங்கள்.

நான் ஒரு ஸ்டுடியோவில் மூன்று வருடம் உதவியாளனாக இருந்தேன். மைக் நிறுத்துவது, கேபிள் சுற்றுவது, எந்த டேக் (ஒரு தடவை பாடிப் பதிவு செய்தது) எந்த ட்ராக்கில் என்று தாளில் குறிப்பது. பாடுகிறவரின் ஹெட்ஃபோனுக்குப் போகும் மிக்ஸையும், அதாவது குரலும் வாத்தியங்களும் எது எவ்வளவு சத்தத்தில் கேட்க வேண்டும் என்ற கலவையையும், என்னிடம் விட்டிருந்தார்கள். யாரும் பெரிதாக நினைக்காத வேலை, அதனால் சின்னப் பையனுக்கு.

ஒரு நாள் பிற்பகல் ஓர் அனுபவசாலியான பாடகி வந்திருந்தார். பல்லவி முடிகிற இடத்தில் நீளமாக நிற்கிற ஒரு சுரம். ஒவ்வொரு டேக்கிலும் அது மயிரிழை இறங்கிற்று. 14 டேக். இசையமைப்பாளர், பாடுகிறவரின் ஹெட்ஃபோனில் பேசும் டாக்பேக் பொத்தானை அழுத்தி அழுத்தி, "இன்னும் கொஞ்சம் மேலேம்மா" என்றார். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் "ஸாரி" என்றார். நானும் ஒவ்வொரு டேக்குக்கு எதிரிலும் 'சுருதி' என்று எழுதிக்கொண்டே வந்தேன். அதோடு நிற்காமல், "அம்மாவுக்கு இன்றைக்குக் குரல் சரியில்லை" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தும் விட்டேன்.

எங்கள் ரெக்கார்டிஸ்ட் காதில் அது விழுந்தது. வயதானவர், அதிகம் பேசமாட்டார். எழுந்து உள்ளே போனார். அந்த அம்மாவிடம் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, ஓட்டு என்று விரலைச் சுழற்றினார். அரை நிமிடம் கேட்டிருப்பார். வெளியே வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேஸை இறக்கினார். வயலின் கூட்டத்தை இறக்கினார். பின்னால் எங்கோ கிடந்த பியானோவை முன்னால் கொண்டுவந்தார். அப்புறம் அந்த அம்மாவின் குரல். தன் குரல் நன்றாகக் கேட்கட்டுமே என்று நான் தாராளமாக ஏற்றி வைத்திருந்தேன். அதைப் பாதியாகக் குறைத்தார். ஒரு காதைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளச் சொன்னார்.

பதினைந்தாவது டேக் ஓகே. பெரியவர் என்னைத் திட்டவில்லை. ட்ராக் ஷீட்டை வாங்கினார். 14 'சுருதி'யையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் என் பெயரை எழுதினார். 14 தடவை. நிதானமாக, அழகான கையெழுத்தில்.

ஏன் அப்படி நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1911-ல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்றை எழுதிவைத்தார். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். இதன் மறுபக்கமும் உண்டு. தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டால் மனிதன் அடக்கி வாசிக்கிறான். பாட்டில் அடக்கி வாசித்தால் மூச்சின் பிடி தளர்கிறது. பிடி தளர்ந்தால் நீளமாக நிற்கிற சுரம் மெல்லச் சரிகிறது. குரலை ஹெட்ஃபோனில் ரொம்பக் குறைத்துவிட்டாலோ எதிர்க்கோளாறு. கத்துவார், சுருதி மேலே ஏறும். ஆக, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை ஏற்றி இறக்கும் ஒரு ஃபேடரை வைத்தே ஒரு நல்ல பாடகியைக் கீழேயும் இறக்கலாம், மேலேயும் ஏற்றலாம். நான் 14 டேக் இறக்கியிருக்கிறேன். மேலே போ என்று இசையமைப்பாளர் சொல்லச் சொல்ல, என் கை கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

பியானோ எதற்கு? பாடுகிறவர் சுருதியைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். கீழே உறுமுகிற பேஸில் அது கிடைக்காது, பரவிக் கிடக்கும் வயலின் கூட்டத்திலும் கிடைக்காது. தெளிவாகத் தொடங்கி நிற்கிற பியானோவோ கிட்டாரோ வேண்டும். ஒரு காதை விலக்கினால் தன் குரல் அறையிலிருந்து காற்று வழியாகவும் வரும், தலையெலும்பு வழியாக எப்போதும் கேட்கிற குரலோடு அது சேர்ந்துகொள்ளும். (விலக்கிய பக்கத்தைத் தலையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பக்கத்தை மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் க்ளிக் சத்தம் மைக்கில் ஒழுகிவிடும். பாட்டு அமைதியாக முடிகிற இடத்தில்தான் அது தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.)

எலும்பு என்றதும் இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரில் பஃபர், அதாவது ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாகச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பது, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மிக்ஸிங்குக்கு வைத்த 1024-லேயே ரெக்கார்டிங்கும் செய்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். வினாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்றால் 21 மில்லிசெகண்ட் தாமதம். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை, ஆக 40-ஐத் தாண்டிவிடும். எலும்பு வழியாக வரும் குரல் இப்போதே கேட்கிறது, ஹெட்ஃபோன் குரல் பின்னாலேயே துரத்துகிறது. அந்த நிலையில் உங்களைப் பாடச் சொன்னால் தெரியும். பஃபரை 128-க்கோ 64-க்கோ இறக்குங்கள். இல்லையென்றால் இண்டர்ஃபேஸில், கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்ப, டைரக்ட் மானிட்டர் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிட்டு மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணையுங்கள்.

ட்யூனிங் மென்பொருளைக் குறை சொல்லவில்லை. ஆட்டோ-ட்யூன் 1997-ல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்பு எண்ணெய் இருக்கும் இடம் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பூமிக்கடியில் ஒளிந்திருப்பதைத் தேடியவர் குரலில் ஒளிந்திருக்கும் சுருதியையும் தேடிப் பிடித்தார், எனக்கு அது எப்போதும் ஆச்சரியம்தான். ஆனால் அது சுருதியைத்தான் நகர்த்தும். பயந்து, அடக்கி, பாதி மூச்சில் பாடிய குரலைச் சரியான சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், சரியான சுரத்தில் நிற்கிற பயந்த குரல்தான் கிடைக்கும். தொழில்முறைப் பாட்டு போல வரவில்லை என்கிறீர்களே, வேறெங்கே தேடப் போகிறீர்கள்?

மிக்ஸிங் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். இவ்வளவு நேரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாட்டுக்கு நீங்கள் செய்கிற முதல் மிக்ஸ் ஹெட்ஃபோனுக்குப் போகிற மிக்ஸ்தான். அதற்கு ஒரே ஒரு ரசிகர், அவரும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறார். உங்கள் மிக்ஸ் நன்றாக இருந்தால் அந்த நிமிடமே நன்றாகப் பாடுவார். இதைவிடச் சீக்கிரம் மதிப்பெண் போடும் பரீட்சை எந்தப் படிப்பிலும் கிடையாது.

அடுத்த தடவை தோழி வருவதற்கு முன்பு அவருடைய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவர் நிற்கிற இடத்தில் நின்று, அவர் வைக்கிற சத்தத்திலேயே, முழுப் பாட்டையும் நீங்கள் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எங்கே கைப்பிடி நழுவுகிறது என்று உங்கள் தொண்டையே சொல்லும். அவர் குரலில் கொஞ்சம் ரிவெர்ப் (கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலி) போடுங்கள். வறண்ட குரலைக் காதுக்குள் கேட்பது யாருக்கும் கூச்சம்தான். நிறையப் போட்டால் சுருதி மங்கிவிடும். டேக் முடிந்ததும் உடனே டாக்பேக்கை அழுத்தி ஏதாவது பேசுங்கள். ஹெட்ஃபோனில் ஒரு சத்தமும் இல்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வாயசைத்துப் பேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அன்றைக்கு அந்த அம்மாவுக்கும் தோன்றியிருக்கும். அதில் தவறும் இல்லை, அவரைப் பற்றித்தான் பேசினேன்.

பி.கு.: படிப்பா, ஸ்டுடியோவா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். படிப்பு என்றால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்கள் கையால் மைக் நிறுத்த விடுவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஸ்டுடியோ கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். முதல் ஆறு மாதம் கேபிள்தான் சுற்றச் சொல்வார்கள். ஒரு சுற்று வழக்கம் போல, அடுத்த சுற்று கையைத் திருப்பி உள்பக்கமாக, மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் ஒரே பக்கமாக முறுக்கிச் சுற்றினால் உள்ளே கம்பி சீக்கிரம் அறுந்துவிடும். ஹெட்ஃபோன் மிக்ஸை யார் பார்ப்பது என்று கேட்டால் கையைத் தூக்குங்கள்.