கணவன் மனைவியாக ஐந்து நாள் ரோம் போகிறோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

உங்கள் கேள்வியில் இருந்த பட்டியல்: கொலோசியம், வாடிகன், பாந்தியன், திரேவி நீரூற்று, நடுவில் ஒரு நாள் புளோரன்ஸ், இன்னொரு நாள் பொம்பேயி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளோரன்ஸையும் பொம்பேயியையும் எடுத்துவிடுங்கள். நேரம் குறித்து டிக்கெட் வாங்க வேண்டிய இடம் ஒரு நாளைக்கு ஒன்று போதும். மிச்ச நேரம் முழுவதும் தேவாலயங்களுக்கும் தெருக்களுக்கும்.

நானும் என் கணவரும் ஏப்ரல் மாதத்தில் போனோம். அவர் சிவில் இன்ஜினியர், எனக்கு ஓவியம் என்றால் உயிர். இரண்டு பேரும் மனம் நிறைந்து திரும்பியதற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் காரணம் என்று நம்புகிறேன்.

முதலில் கொலோசியம். பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்த அரங்கம். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ஃபோரமும் (பழைய ரோமின் பொது மையம், இப்போது இடிபாடுகள்) பாலடைன் குன்றும் அடக்கம். பலர் அரங்கத்துக்குள் சுற்றிக் களைத்துப்போய் ஃபோரத்தைப் பெயருக்கு எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் ஃபோரத்தை முடித்துவிட்டு அரங்கத்துக்கு வாருங்கள்.

ஃபோரத்தில் மாக்சென்டியஸ் மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அந்த இடத்தில் அதற்கு முன் இருந்தது மிளகுக் கிடங்கு. பேரரசர் டொமிஷியன் கட்டியது, முதல் நூற்றாண்டு. அங்கே குவிந்த மிளகின் பெரும்பகுதி நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து, சேர நாட்டு முசிறி வழியாகப் போனது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலைச் சங்கப் பாடலில் படித்திருப்பீர்கள். அந்தக் கப்பல்களின் சரக்கு வந்து இறங்கிய இடத்தில்தான் நிற்கிறோம் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற வழிகாட்டிகள் யாரும் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சான் கிளெமென்தே தேவாலயம். உங்கள் பட்டியலில் இது இல்லை, தயவுசெய்து சேருங்கள். தெருவிலிருந்து நுழைவது 12-ஆம் நூற்றாண்டுக் கோயில், பலிபீடத்துக்குப் பின்னால் தங்க மொசைக். தனி டிக்கெட் எடுத்துப் படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் கீழே இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள், அவற்றுக்குள் மித்ரா என்ற பழைய ரோமானியத் தெய்வத்தின் வழிபாட்டுக்கு ஒரு சிறிய அறை. அடித்தளத்தில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய ஊரை இடித்துத் தள்ளாமல் அதன் தலைமேலேயே புது ஊரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள் என்பது இங்கே உங்கள் காலுக்கே புரியும். மெட்ரோ சுரங்கம் தோண்டினால் ஏன் இந்த ஊரில் வேலை நின்று நின்று நடக்கிறது என்று என் கணவருக்கும் இங்கேதான் விளங்கியது.

அடுத்து பாந்தியன். இப்போது நுழைவுக் கட்டணம் உண்டு. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்த ரோமானியக் கோயில். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உள்ள உயரமும் அதேதான். இரும்புக் கம்பியே இல்லாத கான்கிரீட். கீழே கனமான கல்லைக் கலந்து, மேலே போகப் போக இலேசான கல்லாக மாற்றி, உச்சியில் நுரைக்கல்லைச் சேர்த்திருக்கிறார்கள். நடுவில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் அதற்கு வடிகால் துளைகள் இருக்கின்றன. என் கணவர் அண்ணாந்து பார்த்தவர் பார்த்தவர்தான்.

கணவன் மனைவி என்பதற்காக எல்லாவற்றையும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்றில்லை. அவரைப் பாந்தியனிலேயே விட்டுவிட்டு நான் சில நிமிட நடையில் இருக்கும் சான் லூயிஜி தெய் ஃபிராஞ்சேசிக்குப் போனேன். உள்ளே போகக் காசு இல்லை. அங்கே இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றிக் கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள். 'மத்தேயு அழைக்கப்படுதல்' இடதுபுறச் சுவரில். வரி வசூலிப்பவர்கள் மேசையில் காசு எண்ணிக்கொண்டிருக்க, வலது ஓரத்தில் இயேசு வந்து நின்று கையை நீட்டுகிறார், அவர் பக்கமிருந்தே வெளிச்சமும் வருகிறது. அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அதே திசையில்தான். இந்தச் சுவருக்காகவே வரைந்த ஓவியம் அது. அருங்காட்சியகத்தில் மாட்டி வைத்தால் இந்தப் பொருத்தம் கிடைக்காது.

அப்புறம் இருவருமாகப் பக்கத்திலேயே சாந்த் அகொஸ்தீனோ போனோம். அங்கே மாதாவின் முன் மண்டியிட்டிருக்கும் இரண்டு ஏழை யாத்திரிகர்கள், அழுக்குப் பாதங்கள் நம்மைப் பார்த்தபடி. என்னை அழ வைத்த ஓவியம் இது. இன்னொரு நாள் சாந்தா மரியா தெல் போபோலோவிலும் கரவாஜியோவின் இரண்டு ஓவியங்கள் பாருங்கள். சில இடங்களில் பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பல தேவாலயங்களை மதியம் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சுடிதாரோடு ஒரு துப்பட்டா இருந்தால் கவலையே இல்லை.

வாடிகனுக்கு ஒரு முழு நாள். அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும், திறந்திருக்கும் அந்த ஒரு ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையை மைக்கலாஞ்சலோ 1508-இலிருந்து 1512 வரை வரைந்தார். அங்கே படம் எடுக்க அனுமதியில்லை, நல்லதுதான். பேதுரு பேராலயத்துக்குள் நுழைய இலவசம், பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும் நீளம். குவிமாடம் ஏற 551 படிகள். லிஃப்டில் பாதி தூரம் போனாலும் மிச்சம் 320 படிகள் ஏறியே ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் சுவர் தோளோடு சாய்ந்து வரும். முழங்கால் வலியோ மூச்சுத் திணறலோ இருப்பவர் கீழேயே இருந்துகொள்ளட்டும்.

மூன்றாவது முன்பதிவு போர்கேஸே காலரி. உள்ளே இரண்டு மணி நேரம்தான் அனுமதி. சிற்பி பெர்னினியின் 'அப்பல்லோவும் டாஃப்னியும்' சிலையைச் சுற்றி நடந்து பாருங்கள். அப்பல்லோ தேவன் துரத்த, டாஃப்னி மரமாக மாறும் கிரேக்கக் கதை அது. பின்பக்கமிருந்து தொடங்கினால் ஓடும் ஆண், முன்னால் வர வர விரல்கள் இலையாகும் பெண். பளிங்கில் அந்த இலைகளை அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கியபோது அவருக்கு இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான்.

திரேவிக்குப் பகலில் போக வேண்டாம், விடியற்காலையில் போங்கள். அங்கே கொட்டும் தண்ணீரின் வழி, கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா அமைத்த கால்வாய் வழிதான். தெருவெங்கும் நாசோனி எனப்படும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்காதீர்கள்.

சாப்பாடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் சைவம், கஷ்டப்படவில்லை. காச்சோ எ பெப்பே என்றால் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. ஆனால் அதில் போடும் பெக்கோரினோ பாலாடைக்கட்டியை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியைச் சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவமென்றால் தவிர்த்துவிடுங்கள். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, அவ்வளவுதான். சீஸ் கிடையாது. வசந்த காலத்தில் யூதர் குடியிருப்புப் பகுதியில் எண்ணெயில் முழுசாகப் பொரித்த ஆர்டிசோக் கிடைக்கும், விடாதீர்கள். கார்பொனாரா, அமத்ரிசியானா பாஸ்தாக்களில் பன்றி இறைச்சி உண்டு. காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. விடுதியில் ஒரு இரவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று நகர வரியைத் தனியாகக் கேட்பார்கள், அது முறையான வரிதான்.

புளோரன்ஸை எடுத்துவிட்டதில் கிடைத்த நாளை அப்பியா நெடுஞ்சாலைக்குக் கொடுங்கள். கி.மு. 312-இல் போடத் தொடங்கிய சாலை, பழைய கருங்கற்கள் பல இடங்களில் அப்படியே கிடக்கின்றன, இருபுறமும் பைன் மரங்களும் கல்லறைகளும். நாங்கள் சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம், கற்களின் மேல் குலுக்கித் தள்ளிவிட்டது, நடப்பதே மேல். நிலத்தடிக் கல்லறைகளையும் பார்ப்பதாக இருந்தால் கிழமை கவனியுங்கள்: சான் கலிஸ்தோவுக்குப் புதன் விடுமுறை, சான் செபஸ்தியானோவுக்கு ஞாயிறு விடுமுறை.